ஆவூர் எங்கே, கரூர் எங்கே

எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்கென்று ஒரு நாடாளுமன்றத் தொகுதி இருந்தது. மறுசீரமைப்பு என்று சொல்லி அதை எடுத்துவிட்டு, மாவட்டத்தை நான்காகக் கிழித்து திருச்சி, கரூர், சிவகங்கை, ராமநாதபுரம் தொகுதிகளோடு ஒட்டிவிட்டார்கள். குன்றாண்டார்கோவிலில் இருக்கும் என் ஓட்டு திருச்சிக்கு. ஆவூரில் வாக்கப்பட்ட அக்காவின் ஓட்டு கரூருக்கு. ஆவுடையார்கோவிலில் என் மாமனார் வீட்டு ஓட்டு ராமநாதபுரத்துக்கு. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். நான்குபட்டால் கேட்கவே வேண்டாம். எந்தத் தொகுதியிலும் நாங்கள் வால்தான். வாலைப் பார்த்து யார் ஓட்டுக் கணக்குப் போடுவார்கள்?

ஒரு தேர்தலில் மெயின் ரோட்டில் வந்த வேட்பாளர் வண்டிக்கு அக்கா ஆரத்தி எடுத்தாள். வாக்குச்சாவடியில் இயந்திரத்தைப் பார்த்தால் அந்த முகமே இல்லை. அவர் திருச்சி வேட்பாளர். அந்த வழியாகப் போனவர். "கடைசில தெரிஞ்ச சின்னமாப் பாத்து அமுக்கிட்டு வந்துட்டேன்டா" என்றாள். விழுந்து விழுந்து சிரித்தோம்.

அடுத்த வருஷம் அந்தச் சிரிப்பு போய்விட்டது. வளைகுடாவில் டிரைவராக இருந்த மச்சான், அக்கா வீட்டுக்காரர், மூளையில் ரத்தக்கசிவு வந்து அங்கேயே ஆஸ்பத்திரியில் கிடந்தார். எம்.பி. கடிதம் கொடுத்தால் தூதரகம் வழியாகச் சீக்கிரம் ஊருக்குக் கொண்டுவந்துவிடலாம் என்றார்கள். ஆவூர்க்காரர்களுக்கு ஆஸ்பத்திரி, காலேஜ், ஏர்போர்ட் எல்லாமே திருச்சிதான். யோசிக்காமல் அங்கே போய் நின்றோம். அலுவலகத்தில் இருந்தவர் மரியாதையாகவே சொன்னார்: "ஒங்க ஊரு கரூர் தொகுதிங்கம்மா. அவங்கதான் எழுதித் தரணும்."

கரூருக்கு ஓடினோம். நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடந்த நேரம், எம்.பி. டெல்லியில் இருந்தார். மனுவை வாங்கிக்கொண்டு, கடிதம் தயாரானதும் போன் பண்ணுவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்கு ஆத்திரமெல்லாம் வரைபடத்தில் கோடு கிழித்தவர்கள்மேல்தான். ஏசி அறையில் உட்கார்ந்து கிழித்தவர்களை, நோயாளி வீட்டுக்காரியோடு ஆவூரிலிருந்து கரூருக்கு ஒருநாள் பஸ் மாறி மாறிப் போய்வரச் சொல்ல வேண்டும்.

கடிதம் தயார் என்று கரூரிலிருந்து போன் வந்தபோது அக்கா வீடு முழுக்க ஆட்கள். மச்சானோடு தங்கியிருந்தவர் அன்று காலையில்தான் அவர் இறந்த செய்தியைச் சொல்லியிருந்தார். போனை எடுத்தது நான். அக்கா என் கையிலிருந்து வாங்கினாள்.

"சார், நோயாளிய அனுப்பச் சொல்லி எழுதியிருப்பீங்க. அத மாத்தி, ஒடம்ப அனுப்பச் சொல்லி எழுதிக் குடுங்க. நாங்க மறுபடி அங்கிட்டு வாரோம்."