புனித வெள்ளியில் பறக்க வரும் ஹீரோ

இன்று காலை, கர்நாடகத்தில் இருக்கும் எங்கள் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தேன். எங்கள் ஊர் தியேட்டர் மேனேஜர் அந்தோணி அண்ணன், சூப்பர்ஹீரோ பட போஸ்டர் மேல் புதுத் தேதி ஒட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போன படம்.

தேதியைக் கிட்டே போய்ப் பார்த்தேன். புனித வெள்ளி!

"இன்னாண்ணா, அன்னிக்கா?"

"லீவு நாளாம், கூட்டம் அள்ளுமாம். மும்பைல உக்காந்து முடிவு பண்ணிட்டாங்க. இங்க பாதி ஊரு அன்னிக்கு கோயில்ல இருக்கும்னு யாரு போய் சொல்றது?"

"சனிக்கிழமை வருவாங்கண்ணா."

"மொத நாளு காலியா இருந்தா பேரே கெட்டுடும்மா. அடுத்த வெள்ளி பெரிய கன்னடப் படம் வேற வருது. இதுவும் ஓடலன்னா பூட்டிட்றேன்னு ஓனர் சொல்லிட்டாரு."

"நீங்களாவது அன்னிக்கு தியேட்டர்ல இருப்பீங்களா?"

பசை வாளியைக் கீழே வைத்தார். "நானா? அன்னிக்கு கோயில்ல சிலுவைப்பாதை ஜெபம் வாசிக்கிறதே நான்தாம்மா."

ரயில் கிளம்பியபோது திரும்பிப் பார்த்தேன். தேதித் தாள் ஹீரோவின் கண்களை மறைத்து ஒட்டியிருந்தது.

ஈஸ்டர் மேட்னிக்கு யார் யார் வருகிறீர்கள்? சீக்கிரம் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை செத்து ஞாயிற்றுக்கிழமை எழுந்தவர் இதுவரை ஒருவர்தான்.