சஹனில் ரசியா பேகத்தின் இடம்

பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரின் விரல்கள் திடீரென வெளுத்து நீலமானால், நீங்கள் நகர்ந்து உட்காருவீர்களா, மாட்டீர்களா? படித்தவர்தானே, உண்மையைச் சொல்லுங்கள்.

அதிராம்பட்டினம் ரசியா பேகத்துக்கு முதலில் குளிரில் விரல்கள்தான் அப்படி நிறம் மாறின. பிறகு தோல் இறுகியது. விரல்கள் மடங்கவில்லை, வாய் சிறுத்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, தெருவில் பாதி ஆண்கள் வளைகுடாவில் இருந்தார்கள். கணவர் யூனுஸ் துபாயிலிருந்து சிவப்பழகு கிரீம் அனுப்பினார். பார்சலில் அன்பு வந்தது, மூளை வரவில்லை. நாத்தனார் பர்வின் தாயத்து கட்டிவிட்டாள். தோலோடு கயிறும் இறுகியதுதான் கண்ட பலன்.

தஞ்சாவூர் டாக்டர்தான் பெயர் சொன்னார்: ஸ்க்லீரோடெர்மா. உடம்பே தன் தோலோடு மல்லுக்கு நிற்கும் நோய். தொற்றாது. முழுதாகப் போகாது, ஆனால் கட்டுக்குள் வைக்கலாம். ரசியா மாத்திரையைத் தவறவிடவில்லை. குளித்த ஈரத்தோடு வாஸ்லின் தடவுவார். மார்கழியில் கம்பளிக் கையுறை. தினமும் கண்ணாடி முன்னால் வாயை அகலத் திறந்து பயிற்சி. வேடிக்கை பார்க்க வருகிறவர்களைப் பார்த்தும் அதையே செய்வார். நோயால் கன்னத்தில் வந்த சிவப்புப் புள்ளிகளை மறைக்கப் பட்டுக்கோட்டை பியூட்டி பார்லரில் பூச்சு கற்றுக்கொண்டார்.

"வியாதிக்காரிக்கு மேக்கப்பா?" என்றாள் பர்வின்.

"வியாதி தோலுக்குத்தான், ஆசைக்கு இல்ல."

பத்து வருஷம் கழித்து மகள் ஜஸீலாவுக்கு நிக்காஹ். அங்கே விருந்து சஹனில்தான்: ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து கையால் சாப்பிடுவார்கள்.

"மச்சி, உங்களுக்கு அடுப்படியில தனித்தட்டு வச்சிருக்கேன். ஸ்பூனும் இருக்கு, வசதியா இருக்கும்" என்றாள் பர்வின்.

"என் மக கல்யாணத்துல நான் என்ன பூனையா?"

ரசியா நேரே போய் ஒரு சஹனில் உட்கார்ந்தார். மற்ற மூன்று இடங்களும் காலியாகவே கிடந்தன. சுற்றியிருந்த பெண்களுக்கெல்லாம் அந்த நேரம் பார்த்து ஏதோ வேலை வந்துவிட்டது. மகளின் விருந்தில் தாய் மட்டும் தனியாக, ஆறிப்போகும் பிரியாணியைப் பார்த்துக்கொண்டு.

மாப்பிள்ளையின் தாய் ஆமினா வந்து நின்றார். சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"சம்மந்தி, இது தொத்துமா?"

"தொத்தாது. இத்தனை வருஷத்துல என் புருஷனுக்கே தொத்தல."

"அவருதான் துபாய்லயே கெடக்காரே."

கூடம் சிரித்தது. ரசியாவும் திறக்கிற மட்டுக்கும் வாயைத் திறந்து சிரித்தார்.

"சரி, உங்க மருமகளைப் பாருங்க. அவளுக்கு இந்தக் கையாலதான் பிசைஞ்சு ஊட்டினேன். தொத்துற வியாதியா இருந்தா மொதல்ல பர்வினுக்குல்ல குடுத்திருப்பேன்."

ஆமினா உட்கார்ந்தார். ரசியாவின் விரல்களுக்கு எலும்பிலிருந்து கறி பிய்க்க வரவில்லை என்று கண்டதும், தானே பிய்த்து அவர் பக்கம் தள்ளினார். பிறகு மற்ற இரண்டு இடங்களுக்கும் ஆள் வந்தது. ஒருத்தி பர்வின். அவளுடைய பயத்தைவிட அவளுடைய பசி பெரிது.

வீட்டில் யாருக்காவது குளிரில் விரல் வெளுத்தால் தாயத்து தேடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அடுத்த கல்யாணத்தில் யார் பக்கத்திலாவது இடம் காலியாகக் கிடந்தால், யோசிக்காமல் அங்கே போய் உட்காருங்கள்.