மார்செய்யில் எட்டு மணிக்குப் பூட்டிய கதவு

அம்சாவுக்கு பிரான்சின் மார்செய் நகரில் கட்டில் உறுதியாகிவிட்டது. நேற்று காலை 10.20க்கு அங்குள்ள விடுதியிலிருந்து வந்த மின்னஞ்சல் இப்படிச் சொல்கிறது: பெண்கள் அறை, நான்கு கட்டில்களில் ஒன்று, மூன்று இரவுகள், இரவுக்கு 39 யூரோ. அதை அச்சடித்து, புதுச்சேரியின் சாரம் பகுதியில் அவர் மீன் விற்கும் இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். "கீழ்க்கட்டில்னு போட்டுருக்கா க்கா? நல்லாப் பாத்து சொல்லு" என்றார். போட்டிருந்தது.

போன ஜூனில் இதே விடுதியின் பூட்டிய கதவுக்கு வெளியேதான் நான் பையோடு நின்றேன். ஐரோப்பாவுக்குத் தனியாக, ரயிலில் போக நினைப்பவர்களுக்கு அந்தக் கதை உதவும் என்பதால் முழுதாக எழுதுகிறேன்.

புதுச்சேரியில் பிரான்ஸ் போகிறேன் என்று சொன்னால் எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. "யார் வீட்ல தங்கப் போறீங்க?" என்றுதான் கேட்பார்கள். பாதித் தெருவுக்கு அங்கே ஒரு மாமாவோ மச்சானோ உண்டு. எனக்கும் பாரிஸுக்கு வெளியே ஒரு சித்தப்பா மகன் இருக்கிறார். அவர் வீட்டில் தங்குவதென்றால், என் விசாவுக்காக அவர் தன் ஊர் நகராட்சிக்குப் போய் வரவேற்புச் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். அவரை அலையவிட மனமில்லை. தவிர, முப்பத்தொரு ஆண்டுகள் செய்தியாளராக அடுத்தவர் நேரத்துக்கு ஓடியவள் நான். பதினான்கு நாளாவது நான் நினைத்த நேரத்தில் எழுந்து, நினைத்த ரயிலில் ஏற ஆசைப்பட்டேன்.

அம்சாவுக்கும் ஒரு ஆசை இருந்தது. பதினெட்டு வருடமாக அவரிடம்தான் மீன் வாங்குகிறேன். வயது ஐம்பத்து நான்கு, கணவர் இல்லை. மார்செய் துறைமுகத்தில் பெண்கள் காலையில் மீன் விற்கும் படத்தை ஒருமுறை என் கைபேசியில் பார்த்தார். அதிலிருந்து அந்த ஊரைப் பார்த்தே தீர வேண்டும் என்றிருந்தார். பணமும் சேர்த்து வைத்திருந்தார். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்க்கும் மகன்தான் தடுத்தார். தங்க இடம் கிடைக்காமல் நடுத்தெருவில் நின்றால் என்ன செய்வாய் என்பது அவர் கேள்வி. அம்சாவிடம் பதில் இல்லை. அதனால் என்னிடம் ஒரு வேலை கொடுத்தார்: "நீ மொதல்ல போயிட்டு வா. தெனம் ராத்திரி எங்க படுத்தேன்னு எனக்குச் சொல்லு. அதக் கேட்டுட்டுதான் நான் முடிவு பண்ணுவேன்."

ஏற்பாடு இதுதான்: பிரான்சில் காலை ஏழு, நமக்குப் பத்தரை. அம்சாவின் வியாபாரம் ஓய்ந்திருக்கும் நேரம். தினமும் அப்போது கூப்பிட வேண்டும்.

பாரிஸில் நான்கு இரவு. கிழக்கு ரயில் நிலையத்திலிருந்து 600 மீட்டரில் ஒரு விடுதி, ஆறு பெண்கள் தங்கும் அறை, 41 யூரோ. முதல் பாடம்: பூட்டு கொண்டு போங்கள். பெட்டகம் இருக்கும், பூட்டு இருக்காது. துண்டும் கொண்டு போங்கள், அங்கே வாடகைக்கு நான்கு யூரோ. மேல்கட்டில் ஏணியில் நான் ஏறிய கதையைக் கேட்டுத்தான் அம்சா கீழ்க்கட்டில் மீது பிடிவாதமானார்.

அங்கிருந்து ஸ்ட்ராஸ்பூர் ஒரு மணி 46 நிமிடம். ஜன்னலுக்கு வெளியே கோதுமை ஓடுகிறது, மேசைமேல் வைத்த காப்பி அசையவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விழுப்புரம் பாசஞ்சரில் வளர்ந்த உடம்பு. இங்கே கன்னியாஸ்திரீகள் நடத்தும் விருந்தினர் இல்லத்தில் இரண்டு இரவு, காலை உணவோடு 52 யூரோ. அவர்கள் இணையதளங்களில் இல்லை. பிரெஞ்சில் மூன்று வரி மின்னஞ்சல் எழுதினேன், மறுநாள் பதில் வந்தது. இப்படிப்பட்ட இல்லங்கள் பல ஊர்களில் உள்ளன, தேடுங்கள்.

சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் விலையைப் பார்த்துப் பின்வாங்கினேன். எல்லைக்கு இந்தப் பக்கம் பிரான்சுக்குள் செந்லூயி என்ற சிறிய ஊர், ரயிலில் பத்து நிமிடம்கூட இல்லை. அங்கே ஒரு இரவு, தனி அறை 58 யூரோ. பகலில் சுவிட்சர்லாந்து, தூங்குவது பிரான்சில். இதைக் கேட்ட அம்சா, "இங்க கோட்டகுப்பம் போயிட்டு வர்ற மாதிரிதான்" என்றார். நம் ஊரில் நடந்தே மாநில எல்லையைத் தாண்டுகிறவர்களுக்கு இது புதிதில்லை.

லியோனில் மூன்று இரவு, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டு மாடி அறை, 45 யூரோ. பத்து இரவுகள், பத்து நல்ல செய்திகள். அம்சா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

பதினோராம் நாள் லியோனில் மாலை 5.06க்கு ரயில், மார்செய்யில் 6.50க்கு இறங்கினேன். நிலையத்தின் வாசலில் நூற்றுக்கு மேல் படிகள். மேல்படியில் நின்றால் ஊரே கீழே விரிகிறது. வெயில் முகத்தில் அடித்தது. இறங்கி, பழைய துறைமுகம் வரை ஒரு கிலோமீட்டர் சொச்சம் நடந்து, தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டேன். கடிகாரம் கையில்தான் இருந்தது. ஆனால் வெயிலைப் பார்த்து நேரம் சொல்லிப் பழகிய உடம்பு, மணி நான்குதான் என்றது. ஜூனில் அங்கே ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் மறையும்.

விடுதிக்குப் போனபோது மணி 8.25. கதவு பூட்டியிருந்தது. பக்கத்தில் எண்கள் அழுத்தும் பலகை. தட்டினேன். நம் பேருந்து நிலையத்துப் பக்கம் எந்த லாட்ஜாக இருந்தாலும், எத்தனை மணிக்குத் தட்டினாலும் லுங்கியை இறுக்கிக்கொண்டு ஒருவர் எழுந்து வருவார். அந்த நினைப்பில் ஐந்து நிமிடம் தட்டினேன். உள்ளே ஆளே இல்லை. தொலைபேசியில் பதிவு செய்த குரல். முன்பதிவு மின்னஞ்சலை எடுத்துப் படித்தேன். வரவேற்பு எட்டு மணி வரை. தாமதமாக வருவோர் ஏழு மணிக்குள் எழுதினால் கதவின் எண் அனுப்பப்படும். நான்காவது வரியிலேயே இருந்தது. தவறு முழுக்க என்னுடையது. அடுத்தவர் அறிக்கையில் அடிக்குறிப்பைக்கூட விடாமல் படித்துச் சம்பளம் வாங்கியவள், என் கட்டிலுக்கான நான்காவது வரியைப் படிக்கவில்லை.

எதிரே ஒரு சிறிய காப்பிக் கடை. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த பெண்மணியிடம் என் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் நடந்ததைச் சொன்னேன். ஒரு நாற்காலியை மீண்டும் இறக்கிப் போட்டார். வாரத்துக்கு ஒருவராவது இப்படி வருவதாகச் சொல்லி, சுவரில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து மூன்று ஓட்டல்களுக்குப் போன் போட்டார். இரண்டில் இடமில்லை. மூன்றாவது, நிலையத்துக்குப் பக்கத்தில், 92 யூரோ. ஒன்பதரைக்கு அறைச் சாவி என் கையில் இருந்தது. வானத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது.

காலை ஏழு மணிக்கு அம்சாவைக் கூப்பிட்டேன். எங்கே படுத்தாய் என்று கேட்டார். "புக் பண்ண எடத்துலதான்" என்றேன். மார்செய்தான் அவர் பார்க்க ஆசைப்பட்ட ஊர். அந்த ஊரில் போய்த் தடுமாறினேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

எட்டரைக்குத் துறைமுகத்திலிருந்து வீடியோவில் மறுபடி கூப்பிட்டேன். ஏழெட்டு மீன் கடைகள், நீல நிறத் தட்டுகள், மத்தி, நவரை, பேய்க்கணவாய். அம்சா முகத்தைத் திரையில் ஒட்டிவைத்துக்கொண்டு, "செவுளத் தூக்கிக் காட்டச் சொல்லு" என்றார். மொழிபெயர்த்தேன். கடைக்காரப் பெண் என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்து, கட்டைவிரலால் செவுளைத் தூக்கிக் காட்டினார். அம்சா, "நல்ல ஜாதி செவப்பு. நம்ம ஆளுதான்" என்றார். பிறகு நான் தேவைப்படவில்லை. இரண்டு பேரும் நாலு நிமிடம், மீனையும் விரலையும் காட்டியே பேசிக்கொண்டார்கள். எனக்குக் கைபேசி பிடிக்கும் வேலை மட்டும். துறைமுகமே என் கையில் ஆடுவதுபோல் இருந்தது, அவ்வளவு சந்தோஷம்.

போனை வைக்கும்போது அம்சா சொன்னார்: "நான் வரேன் க்கா. ஒரு ராத்திரிகூட நீ தடுமாறலியே, அது போதும்."

மீதி மூன்று இரவும் முன்பதிவு செய்த விடுதியில்தான். நல்ல இடம், கட்டில் சுத்தம். எனக்குத்தான் சரியாகத் தூக்கம் வரவில்லை. அம்சாவின் முடிவு நான் கொடுத்த தகவலின் மேல் நிற்கிறது, அந்தத் தகவல் தவறு.

ஊர் திரும்பிய மறுநாள் காலை சாரத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஒரு சங்கரா மீனைச் செதில் தேய்த்து முடித்தார்.

"எத்தன மணிக்குத் தெருவுல நின்ன?"

எட்டரை என்றேன்.

"சாவி எப்பக் கைக்கு வந்துது?"

ஒன்பதரை.

கத்தியைப் பலகைமேல் வைத்தார். "எம் மவன் கேட்டது இதத்தான க்கா. நின்னா என்னா பண்ணுவேன்னு. அதுக்குப் பதிலு உங்கிட்ட இருந்துது. பத்து நாள் நல்ல சேதியா சொல்லிட்டு, எனக்கு வேணுங்கற சேதிய முழுங்கிட்ட. நீயெல்லாம் ரிப்போர்ட்டரு."

அன்று மாலை, ஷிப்டு முடிந்து வந்த மகனிடமும் என்னையே சொல்ல வைத்தார். அவர் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி மட்டும் பல கேள்விகள் கேட்டார். காப்பிக் கடை எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்பதையும் கேட்டார். பிறகு, "போயிட்டு வாம்மா" என்றார்.

ஆகவே போகிறவர்களுக்கு நான் சொல்வது. வரவேற்பு எத்தனை மணிக்கு மூடும் என்பதை முதலில் பாருங்கள், விலை பிறகு. ஜூனில் வெயிலை நம்பாதீர்கள். ரத்து செய்தால் பணம் திரும்பும் அறைகளையே பதிவு செய்யுங்கள், விசாவுக்கும் அதுவே வசதி. இரவு தங்குவோருக்கான ஊர் வரியை அங்கே போய்த் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். ஒவ்வொரு ஊரிலும் நிலையத்துக்கு அருகில் மூன்று ஓட்டல்களின் எண்களைத் தாளில் எழுதிப் பையில் வையுங்கள். கைபேசியில் மட்டும் வேண்டாம். தடுமாறினால், ஊரில் இருப்பவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கு அதுதான் வழி.

இந்த ஜூனில் இருவரும் பாரிஸ் வழியாக லியோன் வரை சேர்ந்து போகிறோம். லியோனிலிருந்து மார்செய்க்கு அம்சா தனியாக ரயில் ஏறுகிறார், அவர் கேட்டுக்கொண்டபடி. நான் மறுநாள் போவேன். எனக்கு அதே விடுதியில் மேல்கட்டில்தான் கிடைத்தது.

நிலுவையில் இரண்டு உள்ளன. ஒன்று அம்சாவின் விசா. சென்னையில் போன வியாழக்கிழமை விண்ணப்பம் கொடுத்தோம், பதினைந்து நாள் வரை ஆகலாம் என்றார்கள். அதன்படி அடுத்த மாதம் முதல் வாரத்துக்குள் தெரியும். இன்னொன்று, கதவின் எண். இம்முறை முன்கூட்டியே கேட்டுவிட்டோம். விடுதியின் பதில்படி, அவர் போய்ச் சேரும் நாள் மாலை நான்கு மணிக்கு அது வரும், அம்சாவின் கைபேசிக்கு மட்டும்.