மெழுகில் ஊறிய கை

வலது மணிக்கட்டில் நரம்பு அழுந்தி, சாக்பீஸ் பிடிக்கவே முடியாமல் போனதால் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மரமரப்பு போய்விட்டது, தையல் பிரித்த அன்றே தோசை திருப்பினேன். என் கோபமெல்லாம் அதற்குப் பிறகு நடந்த கூத்தின் மீதுதான்.

"தெரபிக்கு மட்டும் ஊட்டிக்கு வந்துட்டுப் போயிருங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் அருவங்காட்டில் ஆசிரியை. மகளுக்கு அப்போது தலைப்பிரசவம். மலைக்குளிர் வேண்டாம் என்று கோவையிலேயே இருந்தாள்; நான் போய்ச் சேர்வதாகப் பேச்சு. அதற்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்த லீவைத் தெரபி தின்றது. "இது முடியட்டும், வந்துடறேன் சாமி" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

காலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. கேத்தி தாண்டினால் வளைவுக்கு வளைவு கம்பியை இறுக்கிப் பிடிக்க வேண்டும், அதுவும் அறுத்த கையால். வலித்ததே அங்கேதான். போய்ச் சேர்ந்தால் உருக்கிய மெழுகில் கையை முக்கி, துண்டால் சுற்றி வைப்பார்கள். பிறகு ஒரு பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வார்கள். நான் சப்பாத்தி மாவு பிசைந்துவிட்டு வந்திருப்பேன்.

பெஞ்சில் ஒரு தேயிலைத் தோட்டத்து அம்மா உட்கார்ந்திருப்பார். அவருக்கும் இதே ஆபரேஷன்தான், ஆனால் விரல்கள் விறைத்து மடங்கவே மறுத்தன. மெழுகு வேண்டியது அவருக்கு. அவரைக் காக்க வைத்துவிட்டு என் நல்ல கையை ஊறவைத்தார்கள். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

அப்படி ஒரு காலையில், சுவரில் மாட்டியிருந்த பைக்குள் போன் அடித்தது. எழப் போனேன்.

"அசையாதீங்க மேடம், மெழுகு விட்டுப்போயிரும்" என்றார் தெரபிஸ்ட்.

அடித்து அடித்து ஓய்ந்தது. மெழுகை உரித்தபின் எடுத்துப் பார்த்தால் மருமகன். திருப்பிக் கூப்பிட்டேன். நாள் இருக்கும்போதே வலி எடுத்து, பேத்தி பிறந்துவிட்டாளாம். "அம்மா வந்தாச்சா, வந்தாச்சான்னு கேட்டுட்டே இருந்தாளுங்க, அத்தை" என்றார்.

அடுத்த முறை, ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்டே விட்டேன். "ஏனுங்க டாக்டர், இந்தத் தெரபி எனக்கு வேணுமுங்களா?"

கையை மடக்கி விரித்துப் பார்த்தார். "உங்களுக்கு அவசியமே இல்லீங்க. விரல் விறைச்சவங்களுக்குத்தான் வேணும். நீங்க வீட்டு வேலை செஞ்சாலே போதும்."

"அப்ப எதுக்குங்க எழுதுனீங்க?"

"வழக்கமா எல்லாருக்கும் எழுதறதுதானுங்க."

அவருக்கு நான் எல்லாரிலும் ஒருத்தி. பிரசவ அறையில் தேடியவளுக்கு அம்மா நான் ஒருத்திதான்.