நான்கு வெர்ஷன், ஒரே மோட்டார்

“எந்த வெர்ஷன்ல இந்தப் பிரச்சினை வந்துச்சு சார்?” என்று கேட்டது போன் ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல்.

“கவாத்து வெட்டி இருபத்தோராம் நாளு” என்றார் என் மச்சான்.

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம். பாவம், அப்படியொரு வெர்ஷனைத் தேடிக்கொண்டிருந்தார்.

மச்சான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். ஓடைப்பட்டியில் விதையில்லாத் திராட்சை போட்டிருக்கிறார். திராட்சைக்காரர்களுக்குக் காலண்டர் எல்லாம் சும்மா சுவரில் தொங்குவதற்குத்தான். கொடியின் கிளைகளைக் கழித்துக் கவாத்து வெட்டிய நாள்தான் அவர்களுக்கு ஒன்றாம் தேதி. மருந்து அடித்தது, பூ வந்தது, வீட்டுக்கு விருந்தாளி வந்தது... எல்லாமே அந்த நாளிலிருந்துதான்.

விஷயம் இதுதான். தோட்டத்து மோட்டாருக்குப் புதிதாக ஒரு ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டியிருக்கிறார். அதற்கொரு ஆப். வீட்டில் உட்கார்ந்தபடி போனைத் தட்டினால் மோட்டார் ஓடும். இன்னொரு தட்டுத் தட்டினால் நிற்கும். நிற்க வேண்டும்! ஆனால் சில நாள் ஆப்பில் ‘ஆஃப்’ என்று காட்டும்... அங்கே மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். பழம் பழுக்கிற நேரத்தில் தண்ணீர் கூடினால் திராட்சை வெடித்துவிடும். அந்தப் போகமே போச்சு.

நேரில் போய் நிறுத்தினால் ஆச்சு என்பீர்கள். இத்தனை நாளும் அதைத்தான் செய்தார். ஆனால் அடுத்த வாரம் அக்காவுக்கு மதுரையில் முழங்கால் ஆபரேஷன். நாலு நாள் கூடவே இருக்க வேண்டும். அறுவடைக்கு இன்னும் பத்துப் பதினைந்து நாள்தான். ஆப்பை நம்பிக் கிளம்புவதா, வேண்டாமா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் தேனியிலிருந்து என்னை வரவழைத்திருந்தார்.

“நீதேன் பேப்பர்ல எல்லாம் எழுதுறியே மாப்ள. இந்த ஸ்டார்ட்டர் கம்பெனிக்காரவுக என்ன சொல்றாகன்னு கேட்டுச் சொல்லு.”

எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று இன்னமும் நம்புகிற ஒரே மனிதர். ஏமாற்ற மனம் வரவில்லை. போனை வாங்கினேன்.

“சார், 4.1ல வந்த பக்கை, அதாவது அந்தக் கோளாறை, 4.2ல சரி பண்ணிட்டோம். ஸ்டேட்டஸ் ஃபிக்ஸ்டு.”

“மறுபடியும் வந்திருக்கேம்மா?”

“4.2லயும் 4.3லயும் வந்தது டூப்ளிகேட் சார். அதனால க்ளோஸ் பண்ணிட்டோம்.”

“டூப்ளிகேட்னா?”

“ஏற்கெனவே சொன்ன அதே பிரச்சினைன்னு அர்த்தம் சார்.”

“சரி, அந்த ஏற்கெனவே சொன்னது?”

“அதுதான் ஃபிக்ஸ்டுன்னு க்ளோஸ் ஆயிடுச்சே சார்!”

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. முதல் புகார் தீர்ந்துவிட்டதால் மூடியாச்சு. அடுத்து வந்ததெல்லாம் முதல் புகாரேதான் என்பதால் அவற்றையும் மூடியாச்சு. மூடாமல் பாக்கி இருப்பது ஒன்றே ஒன்றுதான் — ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார்!

அந்தப் பெண்ணைச் சொல்லிக் குற்றமில்லை. திரையில் இருப்பதைப் படிக்கிறார். “நேத்து 4.4 வந்திருக்கு சார். இதுல கண்டிப்பா வராது. இதுவரைக்கும் எந்தெந்த வெர்ஷன்ல வந்துச்சுன்னு லிஸ்ட் அனுப்பினா, டெவலப்பர்ஸுக்கு அனுப்பிடுறேன்” என்றார்.

லிஸ்ட் இருந்தது. மோட்டார் ரூம் சுவரில், நீல மார்க்கரில். ‘21 நிக்கல.’ ‘26 நிக்கல.’ ‘30 அப்டேட் போட்டது.’ ‘31–39 ஒண்ணுமில்ல.’ ‘40 நிக்கல.’ இப்படியே கூரை வரைக்கும் போகிறது.

ஒரு தாளில் கோடு போட்டு உட்கார்ந்தேன். கவாத்து நாளைத் தேதியாக்கி, தேதியை வெர்ஷனாக்கி... அரை நாள் போச்சு. கடைசியில் பார்த்தால், கம்பெனி சொல்வதும் பொய்யில்லை! ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் ஒரு வாரம், பத்து நாள் பிரச்சினையே இல்லை. அப்புறம்தான் வருகிறது. எனக்குத் தலை சுற்றியது. சரியாகிவிட்ட பக் எதற்காகத் திரும்பி வரவேண்டும்?

“மச்சான், முப்பத்தொண்ணுல இருந்து இந்த ஒன்பது நாளும் நீங்க ஆஃப் பண்ணதும் மோட்டார் நின்னுச்சா?”

“அப்ப நல்ல மழையில்ல மாப்ள! மோட்டாரே போடலயே.”

“சரி, அடுத்த அப்டேட்டுக்கப்புறம் இங்கன... அறுபத்தஞ்சுல இருந்து எழுபத்திரண்டு வரைக்கும்?”

“டிரான்ஸ்பார்மர் எரிஞ்சுபோச்சுல்ல. கரண்டே கெடையாது.”

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஓடினால்தானே நிற்காமல் போவதற்கு? புகார் வரவில்லை. வராததால் சரியாகிவிட்டது என்று எழுதிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

சத்தமாகச் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. அக்காவின் முழங்கால் ஞாபகம் வந்தது.

எத்தனை வைத்தியம் பார்த்திருப்போம்? தைலம், பெல்ட், கம்பத்தில் ஒரு டாக்டர், தேனியில் ஒரு டாக்டர். ஒவ்வொன்றுக்குப் பிறகும் கொஞ்ச நாளைக்கு, வலிக்கிறது என்று அக்கா சொல்லமாட்டாள். நாங்களும் சரியாகிவிட்டது என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். வலி குறையவில்லை, அவள்தான் நடப்பதைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறாள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கூடப் பிறந்த எனக்கும்தான். வெட்கமாக இருந்தது.

மதுரைக்குக் கிளம்புகிற அன்று காலையில் மச்சான் கேட்டார்: “இந்தா, இப்பத்தேன் 4.4 போட்டேன். நம்பலாமா மாப்ள?”

தெரியவில்லை என்றேன். சத்தியமாகத் தெரியவில்லை.

மச்சான் நேராக மோட்டார் ரூமுக்குள் போய் மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கி, துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். இனி எந்த ஆப் சொன்னாலும் மோட்டார் ஓடாது. “நாலு நாளு தண்ணி இல்லாட்டி கொடி தாங்கிரும். கூடிப்போச்சுன்னா பழம் தாங்காது. வா, போவோம்.”

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது மச்சானுக்கு போன். அதே பெண். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

“சார், 4.4 போட்டதுல இருந்து உங்க மோட்டார்ல ஒரு பிரச்சினைகூட பதிவாகல. ஃபிக்ஸ்டுன்னு போட்டு க்ளோஸ் பண்ணிடலாமா சார்?”

மச்சான் என்னைப் பார்த்தார். நான் பியூஸ் கட்டை இருந்த பையைப் பார்த்தேன். கட்டிலில் படுத்திருந்த அக்கா கையை நீட்டி போனை வாங்கினாள்.

“ஓட விட்டுப் பாக்காம சரியாயிருச்சுன்னு போடாத ஆத்தா. இங்கன என்னையவே நடக்க விட்டுப் பாத்துட்டுத்தேன் வீட்டுக்கு அனுப்புவோம்னு சொல்லிட்டாக!”