ஏழு மணித் தபால்

இது கட்டிச் சொல்கிற கதை இல்லை. கட்டிச் சொல்லும் அளவுக்கு எனக்குக் கற்பனையும் கிடையாது. அலுவலகம் அலுவலகமாகப் போய் பிரிண்டர் பழுது பார்க்கிறவன் நான். காகிதம் சிக்கினால் எடுப்பேன், உருளை தேய்ந்தால் மாற்றுவேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். படித்துவிட்டு என்னிடம் விளக்கம் கேட்காதீர்கள். அது என்னிடம் இல்லை.

முதலில் என் கிறுக்கைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பழைய கம்ப்யூட்டர் பைத்தியம். ஊரே தூக்கிப் போடுவதை நான் தூக்கிக்கொண்டு வருவேன். உப்பிப்போன கெப்பாசிட்டரைப் பிடுங்கிவிட்டுப் புதிது வைப்பேன். மஞ்சளேறிய கீபோர்டை ஒவ்வொரு பட்டனாகக் கழற்றி, தேய்ந்த டூத் பிரஷ்ஷால் தேய்ப்பேன். என் அண்ணன் பேருந்து ஓட்டுநர், தொண்டை பெரிது. வாசலில் நின்றே கத்துவான். "டேய், நீ போய்ச் சேர்ந்தா இதையெல்லாம் எடைக்குப் போடணுமா, மியூசியத்துக்குக் குடுக்கணுமா? இப்பவே எழுதி வச்சிடு."

என்னைப் போல இன்னும் சில கிறுக்குகள் உண்டு. இப்போதைய இன்டர்நெட் எங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. எங்களுக்கென்று தனியாக ஒன்று வைத்திருக்கிறோம். வீட்டுக்கு ஒரு பழைய மெஷின், ஒரு தொலைபேசி இணைப்பு, ஒரு மோடம். அதை 'போர்டு' என்போம். மாலை ஏழு மணிக்கு ஒவ்வொரு மெஷினும் அடுத்த வீட்டு மெஷினுக்கு போன் போடும். எழுதி வைத்த கடிதங்களைக் கொடுக்கும், வந்த கடிதங்களை வாங்கிக்கொள்ளும். அவ்வளவுதான். ஏழு மணியைத் தவறவிட்டால் மறுநாள் ஏழு மணி. மற்ற நேரத்தில் சூடாகிவிடும் என்று எல்லோரும் மெஷினை அணைத்து வைத்திருப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடிதம் ஒரு வீட்டைத் தாண்டும்போது அந்த வீட்டின் பெயர் அதன் அடியில் ஒட்டிக்கொள்ளும். அடியைப் பார்த்தால் எங்கே கிளம்பியது, எந்தெந்த வீடு வழியாக வந்தது என்று தெரிந்துவிடும். பெயர் என்றால் பட்டப்பெயர்தான். பரணை, கொக்கு, மின்மினி, ஆமை... போன் போடும் வரிசையில் ஆமை எனக்கு அடுத்த வீடு. தண்ணீர் மோட்டார் கடை வைத்திருக்கும் ஐம்பது வயதுக்காரர். எனக்கு வரும் எந்தக் கடிதமும் அவர் வீட்டைத் தாண்டித்தான் வரும்.

அண்ணன், அண்ணி, நான் மூவரும் ஒரே வீடு; அண்ணியும் போர்டில் இருந்தார். மின்மினியோடு செஸ் ஆடுவார். ஒரு நாளைக்கு ஒரு நகர்த்தல். ஏழு மணிக்கு முன்னால் மெஷின் முன் உட்கார்ந்து தன் காயை நகர்த்தி எழுதி வைத்துவிட்டுப் போவார். மெஷினுக்குப் பாஸ்வேர்டு எல்லாம் கிடையாது. வீட்டுக்குள் இருப்பதற்கு யார் பூட்டுப் போடுவார்கள்?

இரண்டு வருடம் முன்பு அண்ணன் குளியலறையில் விழுந்தான். தலைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது. உயிர் தங்கியது. வேறு எதுவும் தங்கவில்லை. பேச்சில்லை, அசைவில்லை. கண் மட்டும் திறந்திருக்கும், உத்தரத்தைப் பார்த்தபடி. "கண்ணு திறந்திருக்குன்னு ஏமாந்துடாதீங்க" என்றார் டாக்டர். "உள்ள ஆள் இல்லை. அதை ஏத்துக்கிட்டீங்கன்னா உங்களுக்குச் சுலபம்."

ஏற்றுக்கொண்டோம். முதல் மாதம் அழுதேன். பிறகு அதுவும் நின்றுபோனது. காலையில் அவனைப் புரட்டிப் படுக்க வைப்பேன், முதுகு துடைப்பேன், குழாய் வழியாக உணவு செலுத்துவேன், வேலைக்குப் போவேன், வருவேன். பல் பிடுங்கப் போட்ட மரப்பு ஊசி இறங்காமலே இருப்பது போல இருந்தது எனக்கு. அண்ணியும் அப்படித்தான். ஒருநாள் படுக்கை விரிப்பை மாற்றும்போது, அவன் தலைக்கு மேலேயே சொன்னார். "இப்படிக் கிடக்கிறதுக்கு ஒரேயடியா போயிட்டாலே தேவலை தம்பி." நான் விரிப்பின் மறுமுனையை இழுத்துச் செருகினேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் கடிதம் வந்தது.

அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. உள்ளே ஒரே ஒரு சொல்.

"வரலாமா?"

அடியில் நான்கு வீடுகள். பரணை, கொக்கு, மின்மினி, ஆமை.

புதிதாகச் சேருகிறவர்கள் அப்படிக் கேட்பது வழக்கம்தான். யாரும் 'வாங்க' என்று சொல்லாமல் எங்கள் வட்டத்துக்குள் வர முடியாது. பெயரை எழுத மறந்த ஆசாமி என்று நினைத்து விட்டுவிட்டேன்.

மறுநாள் ஏழு மணிக்கு மறுபடி.

"வரலாமா? நடந்து ரொம்ப நாளாச்சு."

அடியில் மூன்று வீடுகள். பரணையைக் காணவில்லை.

அதற்கு மறுநாள்...

"வரலாமா? பேசி ரொம்ப நாளாச்சு."

இரண்டு வீடுகள்.

எவரோ தனியாக இருக்கும் முதியவர், ஒவ்வொரு வீடாகத் தட்டிப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அண்ணியிடம்கூடக் காட்டினேன். அவர் படித்தார். மறுபடியும் படித்தார். "பாவம்" என்றார். தன் குதிரையை நகர்த்தி எழுதிவிட்டு எழுந்து போனார்.

நான்காம் நாள் அடியில் ஒரே ஒரு வீடு. ஆமை.

"வரலாமா? உங்க வீட்ல ஒரு உடம்பு சும்மாதானே கிடக்கு."

நான் போர்டில் யாரிடமும் அண்ணனைப் பற்றி எழுதியது கிடையாது. அண்ணியும் செஸ்ஸைத் தவிர வேறு எழுதுவதில்லை. உடனே ஆமைக்கு போன் செய்தேன்.

"உங்களுக்கும் வந்துச்சா?" என்றார், நான் கேட்பதற்கு முன்பே.

"என்ன அது?"

"தெரியல. எல்லாரையும் கேட்டுட்டேன். பரணைக்கு வந்திருக்கு, கொக்குக்கு வந்திருக்கு. எல்லாரும் வேணாம்னு எழுதியிருக்காங்க. எழுதினதும் அடுத்த வீட்டுக்குப் போயிடுது. நானும் எழுதிட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "நீங்களும் எழுதிடுங்க தம்பி. சும்மா விட்டுடாதீங்க."

"இப்ப எழுதினாலும் நாளைக்கு ஏழு மணிக்குத்தானே போகும்?"

"எழுதி வச்சிடுங்க."

எழுதினேன். 'வேண்டாம். வராதே.' போக வேண்டிய கடிதங்களோடு சேர்த்து வைத்துவிட்டு மெஷினை அணைத்தேன். எனக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அலுப்பாக இருந்தது.

மறுநாள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது ஏழாக ஐந்து நிமிடம். வெளியே மழை. மெஷின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி தன் ஆட்டத்தை எழுதி வைத்திருப்பார் என்று நினைத்தேன். சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது. ஈரச் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஏழு மணி.

மோடம் போனை எடுத்தது. டக்... டக்... டக். எண் சுழன்றது. பிறகு அந்தப் பழகிய சத்தம். கீஈஈ... க்ர்ர்ர்... தூக்கத்தில் கேட்டாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

அன்று அதன் நடுவில் இன்னொரு சத்தமும் இருந்தது.

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

நான் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தேன். இரைச்சல் நின்றது. திரையில் எழுத்து ஓடியது. போனவை இரண்டு. வந்தது ஒன்று.

திறந்தேன்.

பெயர் இல்லை.

அடியில் ஒரு வீடும் இல்லை.

எந்த வீட்டையும் தாண்டாத கடிதம் என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். இந்த வீட்டில் எழுதியது. இந்த கீபோர்டில்.

"வந்துட்டேன்."

பக்கத்து அறையில் அண்ணனின் மூச்சு எப்போதும் இழுத்து இழுத்துக் கேட்கும். இரண்டு வருடமாகக் கேட்டுப் பழகிய சத்தம்.

அது நின்றிருந்தது.

எழுந்தேன்.

கதவு பாதி திறந்திருந்தது.

மூச்சு திரும்ப வந்தது... சீராக. இழுப்பு இல்லாமல்.

அண்ணன் உத்தரத்தைப் பார்க்கவில்லை.

என்னைப் பார்த்தான்.

உதடு பிரிந்தது.

"தண்ணி."

என் பின்னால் அண்ணி நின்றுகொண்டிருந்தார். கையில் தம்ளர். நிறையத் தண்ணீர். என்னைத் தாண்டிப் போய் அவன் தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்க வைத்தார். அழவில்லை.

டாக்டர் மற்ற டாக்டர்களையெல்லாம் அழைத்து வந்து காட்டினார். எங்கேயோ ஒரு கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசப் போவதாகச் சொன்னார். அண்ணன் பத்து நாளில் உட்கார்ந்தான். மூன்று வாரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். நானும் முயன்று பார்த்தேன்.

என் அண்ணன் என்னைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. எப்போதும் 'டேய்'தான். இப்போது வேலையிலிருந்து வந்தால் எழுந்து நிற்கிறான். "தம்பி, நீங்க சாப்பிட்டீங்களா?" என்கிறான். அண்ணியிடம், "கொஞ்சம் ஃபேனைக் குறைக்கிறீங்களாம்மா?" என்கிறான். மெதுவான, மரியாதையான குரல். தான் பதினைந்து வருடம் இருந்த வீட்டில் குளியலறை எங்கே என்று கேட்டான். சில நேரம் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பான், புதுச் சட்டை வாங்கியவன் தையலைப் பார்ப்பது போல.

"மறதி இருக்கும். போகப் போகச் சரியாயிடும்" என்றார் டாக்டர்.

ஒருநாள் ஆமை போன் செய்தார். அண்ணன் எழுந்த செய்தி அவருக்கும் எட்டியிருந்தது. வாழ்த்துச் சொல்லவில்லை.

"ஏன் தம்பி அப்படி எழுதினீங்க?"

"எப்படி? வேண்டாம்னுதானே எழுதினேன்."

"உங்க வீட்லேர்ந்து போறது எல்லாம் என் மெஷின் வழியாத்தானே போகுது. நகல் இருக்கு. படிக்கிறேன், கேளுங்க." காகிதம் சரசரத்தது. "'வாங்க. அவரு உள்ள இல்லை. யாரா இருந்தாலும் பரவாயில்லை, பேசினா போதும்.' இதான் வந்துச்சு. கூடவே மின்மினிக்கு ஒரு செஸ் ஆட்டம். ரெண்டும் உங்க வீட்டுப் பேர்ல."

நான் எழுதிய கடிதம் போகவே இல்லை. ஏழு மணிக்கு முன்னால் யாரோ அதை அழித்திருந்தார்கள்.

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். போய் எதிரில் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ரெண்டு வருஷம் சுவரோட பேசிட்டேன் தம்பி" என்றார். மடிப்பதை நிறுத்தவில்லை. "டாக்டரே சொன்னார்ல, உள்ள ஆள் இல்லைன்னு. காலியா கிடந்த உடம்பு. நான் யாரையும் வெளிய தள்ளல."

வாசல் பக்கம் அவன் மெதுவாக நடந்து பழகும் சத்தம் கேட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. அண்ணி சொன்னதில் நியாயம் இருப்பதாகவே பட்டது. நானும் இரண்டு சட்டைகளை எடுத்து மடித்தேன்.

அன்று மாலை ஏழு மணிக்குக் கடிதம் வந்தது. பெயர் இல்லை. அடியில் ஐந்து வீடுகள்.

"டேய், நான் உள்ளதான்டா இருந்தேன். நீங்க பேசினது எல்லாம் கேட்டுச்சு. வாயைத்தான் அசைக்க முடியல. இது எந்த இடம்னு தெரியல. அவ மேல கோபம் இல்லைன்னு சொல்லு. சீக்கிரம் பதில் போடு."

அதை அண்ணியிடம் காட்டவில்லை. பதில் எழுதி வைத்துவிட்டு மறுநாள் ஏழு மணி வரை மெஷின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன், யாரும் தொடாதபடி. 'அண்ணா, வா' என்று எழுதியிருந்தேன். பதில் போனது. சில நிமிடத்தில் அவன் கடிதமும் வந்தது.

"பதில் வரலையேடா."

அடியில் ஆறு வீடுகள்.

தினமும் எழுதுகிறேன். என் கடிதம் அவனைப் பிடிப்பதற்குள் அவன் இன்னொரு வீடு தள்ளிப் போய்விடுகிறான். நேற்று வந்ததில் அடியில் பதினான்கு பெயர்கள் இருந்தன. எங்கள் வட்டத்தில் மொத்தமே பத்து வீடுகள்தான்.