கண்ணாடி வீட்டில் ஒரு பலகை அறை

டென்மார்க்கில் பாலைவனம் இருக்கிறது என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. எண்பத்தைந்தாம் ஆண்டு, குளிர் தொடங்கும் நேரம், யூலண்ட் பகுதியின் மேற்குக் கரையில் மணல் மேடுகளுக்கு நடுவே ஒரு வீட்டில் எங்களைக் கொண்டுபோய் இறக்கினார்கள். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை அங்கேதான். கோடையில் பணக்காரர் வந்து தங்குகிற புதுமாதிரி வீடு. தட்டைக் கூரை, கொங்கிரீட் தரை, மூன்று பக்கமும் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. திரைச்சீலை கிடையாது. மணலைப் பார்க்கத்தான் இப்படிக் கட்டியிருக்கிறது என்றார் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் டேனிஷ்காரர். போர்வைகளைத் தொங்கவிட்டேன். கழற்றச் சொன்னார். கட்டினவனுக்கு மூளை இல்லை என்று அவருக்குத் தமிழில் சொன்னேன்.

மனைவிக்கு ஏழாம் மாதம். ஊரில் ஹெலிகொப்டரிலிருந்து சுட்டதைக் கண்ணால் கண்டவள். இங்கே கடலில் தவறியவர்களைத் தேடும் ஹெலி அடிக்கடி கூரைக்கு மேலால் போகும். உடனே மேசைக்குக் கீழே போய்விடுவாள். நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. பிள்ளையின் வளர்த்தி போதாது என்று மருத்துவமாது சொல்லிவிட்டார்.

ஜன்னல் இல்லாத அறை அங்கே ஒன்றுதான். சுவரெல்லாம் பலகை, தடித்த கதவு, உள்ளே ஆட்கள் இருக்க அகலமான வாங்குகள், மூலையில் கல் நிரப்பிய இரும்புப் பெட்டி.

"இந்த ஆக்களும் ஒளிக்க இடம் வைச்சுத்தான் கட்டியிருக்கினம்," என்றாள்.

நானும் அப்படித்தான் நம்பினேன். மெத்தையை உள்ளே போட்டேன். அன்று பின்னேரம் முழுக்க நித்திரை கொண்டாள்.

மற்ற அறையில் இருந்த தமிழ் ஆள் ஜேர்மனியில் சில காலம் இருந்துவிட்டு வந்தவன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"அண்ணை, அது சூடாக்கி வேர்க்க விடுற அறை. சுவிட்ச் வெளியில இருக்கு. அக்காவை இடியப்பம் மாதிரி அவிச்சுப்போடாதேங்கோ."

அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். ஆனால் சொன்னது உண்மை. அந்தச் சுவிட்ச், விளக்குச் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இருட்டில் யாராவது தடவினால்? அவளை வெளியே வந்து படுக்கச் சொன்னேன்.

"நான் இதுக்குள்ளதான் கிடப்பன். நீங்கள் பாத்துக்கொள்ளுங்கோ."

சுவிட்சுக்குக் கீழே கதிரையைப் போட்டுக் காவல் இருந்தேன்.

டேனிஷ்காரர் வந்தார். படுக்கிற இடமா இது என்று கத்திக்கொண்டு கதவைத் திறந்தார். வயிற்றில் கையை வைத்தபடி அவள் நித்திரையாகக் கிடந்தாள். மெதுவாகக் கதவைச் சாத்தினார். மின்பெட்டியைத் திறந்து ஒரு பியூசைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அவள் முகம் கழுவப் போன நேரம் பார்த்து, சுவிட்சைப் போட்டுவிட்டுக் கற்களின் மேல் கையை வைத்தேன். குளிர்ந்துபோய் இருந்தன. கையை எடுக்காமல் அப்படியே நின்று பார்த்தேன்; சூடு ஏறவே இல்லை.

"என்ன செய்யிறியள்?"

"ஒண்டுமில்லை. நீர் வந்து படும்."

சுவிட்சை நிறுத்தி, கதவைச் சாத்தினேன். பியூசைத் திரும்பப் போட அந்த மனுசனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கதிரையில் போய் இருந்தேன்.